பி.ஆர்க் தீசிஸ் தொடங்கப் போகிறவர்களுக்கு: சைட் தேடுவதில் இருந்து வைவா வரை

என் தீசிஸின் இரண்டாவது ரிவ்யூ (இடைக்கால மதிப்பீடு) அன்று என் ஷீட்டுக்கு முன்னால் நின்ற மூத்த ஆர்க்கிடெக்ட் ஒருவர் பிளானைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "இந்த சர்வே எண்ணுக்கு ஏ-பதிவேடு எடுத்துப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார். எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு அது. நான் பார்த்திருக்கவில்லை.

தென் மாவட்ட நகரம் ஒன்றில், புறவழிச்சாலை ஓரம், ஆறு ஏக்கர் நிலத்தில் காய்கறி மொத்தச் சந்தை ஒன்றை வரைந்திருந்தேன். முந்தைய கோடையில் போய்ப் பார்த்தபோது அங்கே கருவேலம் புதர்தான் இருந்தது. பதிவேட்டில் அந்த இடம் நீர்நிலைப் புறம்போக்கு. ரிவ்யூ முடிந்த மறுநாளே பஸ் ஏறிப் போனேன். முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஐந்து வார உழைப்பு அதோடு போயிற்று. புது சைட் பிடித்து, திரும்ப முதலில் இருந்து வரைந்து, எப்படியோ முடித்தேன். அந்த ஐந்து வாரம் கையில் இருந்திருந்தால் என் கட்டடம் இன்னும் நன்றாக வந்திருக்கும் என்று இன்றும் தோன்றும்.

இதை எழுதுவது தமிழ்நாட்டில் பி.ஆர்க் (கட்டடக்கலை) நான்காம் ஆண்டு முடித்து, ஒரு கட்டடத்தைத் தனியாக வடிவமைத்துக் காட்டும் இறுதித் தீசிஸுக்குத் தயாராகும் மாணவர்களுக்காக. கல்லூரிக்குக் கல்லூரி ரிவ்யூ எண்ணிக்கையும் மதிப்பெண் பிரிப்பும் மாறும். ஆனால் வேலையின் வரிசை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. தலைப்பு: கட்டடத்தின் பெயருக்கு முன்னால் ஆட்களை எழுதுங்கள்

"கலாசார மையம்", "மிக்ஸ்டு யூஸ் வளாகம்", "கன்வென்ஷன் சென்டர்" என்று பெயரில் தொடங்கினால் முதல் ரிவ்யூவிலேயே மாட்டிக்கொள்வீர்கள். யார் வருவார்கள், ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்த நேரத்தில், இப்போது அவர்கள் எங்கே போகிறார்கள், அங்கே என்ன குறை? இந்த ஐந்துக்கும் அரைப் பக்கத்தில் பதில் எழுத முடிந்தால் தலைப்பு தேறும்.

பொதுக் கட்டடம் எடுத்தால் தகவல் திரட்டுவது கொஞ்சம் எளிது. நூலகம், பேருந்து நிலையம், நீதிமன்றம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் பார்க்கக்கூடிய உதாரணங்கள் உண்டு. சிக்கல் என்னவென்றால், உள்ளே அளவெடுக்க அனுமதி வாங்க நாளாகும். வணிகக் கட்டடத்தில் உடைமையாளர் வரைபடம் தர மாட்டார். பார்க்கிங்கும் சரக்கு வண்டியும் பாதி டிசைனைத் தின்றுவிடும். குடியிருப்பு பார்க்க எளிதாகத் தெரியும். உண்மையில் அதுதான் கடினம். ஒரு வீட்டை வரைந்து 200 முறை நகல் எடுத்தால் ஜூரி (மதிப்பிட வரும் குழு) மூன்று நிமிடத்தில் அடுத்த மாணவரிடம் போய்விடும். துணி எங்கே காயும், கேஸ் சிலிண்டர் எப்படி மேலே போகும், சாவு விழுந்தால் உடலை எங்கே கிடத்துவார்கள் என்பது வரை யோசித்தவர்கள் மட்டும் குடியிருப்பை எடுங்கள்.

பரப்பளவு பற்றி ஒன்று. தனி ஆளாக ஒரு செமஸ்டரில் ஒழுங்காக வரையக்கூடியது சுமார் 8,000 முதல் 15,000 சதுர மீட்டர். 40,000 சதுர மீட்டரில் விமான நிலையம் எடுத்த என் நண்பன் கடைசி வரை கழிப்பறை விவரம் வரைய நேரமில்லாமல் தவித்தான்.

2. சைட்: காகிதத்தைப் பார்த்த பிறகு காலை வையுங்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது முழுக்கப் படித்துவிடுங்கள். செமஸ்டர் தொடங்குவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

முதலில் சர்வே எண். கூகுள் மேப்பில் இடத்தைக் குறித்துவிட்டு, அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்க் கேளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். எண் கிடைத்ததும் தமிழ்நாடு அரசின் இ-சேவைகள் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று கொடுத்து மூன்று ஆவணங்களை எடுங்கள்: பட்டா, ஏ-பதிவேடு, நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் புலப்படம். புலப்படத்தை எல்லோரும் எஃப்எம்பி என்றுதான் சொல்வார்கள். நீங்களும் அலுவலகத்தில் அப்படியே கேளுங்கள். நகர எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டில் பார்க்க வேண்டும். காசு செலவில்லை, கைபேசி எண்ணுக்கு ஓடிபி வரும், அவ்வளவுதான்.

ஏ-பதிவேட்டில் நிலத்தின் வகையைப் பாருங்கள். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்க்கால் என்று எந்தப் பெயர் இருந்தாலும் அந்த சைட்டை விட்டுவிடுங்கள். "இப்போது அங்கே தண்ணீரே இல்லையே" என்ற வாதம் எடுபடாது, எடுபடவும் கூடாது. கோயில் நிலம் என்று இருந்தால் அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள்; உங்கள் கட்டடத்தின் நோக்கத்துக்கும் அந்த உடைமைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று யோசித்து முடிவெடுங்கள்.

அடுத்தது நிலப் பயன்பாடு. சென்னைப் பெருநகரப் பகுதி என்றால் சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இரண்டாவது முழுமைத் திட்ட வரைபடம், மற்ற ஊர்களில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) வைத்திருக்கும் முழுமைத் திட்ட வரைபடம். வேளாண் பகுதி என்று குறித்த இடத்தில் ஷாப்பிங் மால் வரைந்தால் "நிலப் பயன்பாட்டு மாற்றம் செய்வோம்" என்று ஒரு வரியில் தப்பிக்க முடியாது. ஏன் மாற்ற வேண்டும் என்பதற்குக் காரணம் கேட்பார்கள்.

பிறகு தடைகள். மாணவர்கள் அதிகம் வழுக்கும் இடங்கள் இவை:

தஞ்சாவூர், மாமல்லபுரம், செஞ்சி போன்ற ஊர்களில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. கோயிலுக்கு நேர் எதிரே விளக்க மையம் வைக்கிறேன் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் வரைகிறார்.

கடலோரம் என்றால் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். ஊர்ப்புறக் கரைகளில், 2019 அறிவிப்பின்படி, மக்கள் அடர்த்தி அதிகமான இடத்தில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 200 மீட்டரும் கட்டடம் கூடாத பகுதி. கடலைப் பார்த்த ரிசார்ட் வரைய ஆசைப்படுகிறவர்கள் முதலில் இந்தக் கோட்டைப் போட்டுவிட்டு மிச்சம் எவ்வளவு நிலம் என்று பாருங்கள்.

மலைப்பகுதிக்குத் தனி விதிகள், தனிக் குழு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் என்றால் உயரக் கட்டுப்பாடு. விமான நிலைய ஆணையம் வண்ணம் பிரித்த வரைபடம் வெளியிட்டிருக்கிறது.

காகிதம் எல்லாம் சரி என்றான பின் நேரில் போங்கள். ஒரு முறை போதாது. நான் இரண்டாவது சைட்டுக்கு ஆறு முறை போனேன்: காலை, நண்பகல், இரவு, ஞாயிற்றுக்கிழமை, மழை நாள், சந்தை நாள். மழை நாளில் போனபோதுதான் சாலையை விட நிலம் முக்கால் மீட்டர் பள்ளம் என்பது புரிந்தது. புலப்படத்தில் மேடு பள்ளம் இருக்காது. இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவு மலைச்சரிவுக்கு ஓரளவு உதவும். சமவெளியில் நான்கு ஏக்கருக்கு அது பயனில்லை, 30 மீட்டருக்கு ஒரு புள்ளிதான் தரும். முடிந்தால் டோட்டல் ஸ்டேஷன் (தூரமும் உயரமும் அளக்கும் கருவி) வைத்திருக்கும் அளவையாளரை ஒரு நாள் கூட்டிப் போங்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் 100 சதுர மீட்டர், 1 ஏக்கர் 4,047 சதுர மீட்டர், 1 சென்ட் 40.47 சதுர மீட்டர். இதைத் தப்பாக மாற்றி, நான்கு ஏக்கரை நாற்பதாயிரம் சதுர மீட்டர் என்று ஷீட்டில் போட்டவர் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்.

கடைசியாக, எப்போதும் மாற்று சைட் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். அதற்கும் இந்த ஆவணங்கள் எல்லாம் எடுத்துக் கோப்பில் போட்டுவிடுங்கள். எனக்கு அது இருந்திருந்தால் ஐந்து வாரம் இழப்பு ஐந்து நாளாகக் குறைந்திருக்கும்.

3. அனுமதிக் கடிதங்கள்: தமிழில் எழுதுங்கள், பெயர் பதவி போட்டு எழுதுங்கள்

கல்லூரியில் இருந்து போனஃபைடு சான்றிதழ் ஒரே நேரத்தில் ஆறு பிரதி வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் துறைத் தலைவர் கையெழுத்துக்கு நின்றால் நாள் போகும். அதோடு ஒரு வேண்டுகோள் கடிதம், கல்லூரி அடையாள அட்டை நகல், ஒரு பக்கத்தில் திட்டச் சுருக்கம்.

"சம்பந்தப்பட்ட அலுவலருக்கு" என்று பொதுவாக எழுதிய என் முதல் கடிதம் ஓர் அலுவலகத்தில் மூன்று வாரம் மேஜை மேஜையாகப் போய்க் கடைசியில் என்னிடமே திரும்பி வந்தது. இரண்டாவது முறை தமிழில், அந்த அலுவலரின் பதவியைக் குறிப்பிட்டு, எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம், எத்தனை பேர், எந்தப் பகுதிகளைப் பார்ப்போம், படம் எடுப்போமா மாட்டோமா என்று தெளிவாக எழுதினேன். இரண்டு நாளில் அனுமதி கிடைத்தது. கடிதத்தில் "படிப்புக்காக மட்டும், வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம்" என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். கொடுத்த கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசுத் தகவல் எதுவும் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். செமஸ்டர் நடுவில் போட்டால் பதில் வரும்போது உங்கள் டிசைன் முடிந்திருக்கும். அதனால் விடுமுறையிலேயே போட்டுவிடுங்கள்.

4. கேஸ் ஸ்டடி: படம் எடுத்துவிட்டு வருவது போதாது

உங்கள் கட்டடத்தைப் போல ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களில் நேரில் இரண்டு, நூல் வழியாக இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். நான்கையும் ஒரே அட்டவணையில் ஒப்பிட முடிய வேண்டும்: பரப்பு, ஆட்கள், வண்டிகள், காற்று, வெளிச்சம், குப்பை.

நூலகம் எடுப்பவர்களுக்கு 2010-இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. பேருந்து முனையம் என்றால் கோயம்பேடும் கிளாம்பாக்கமும். இரண்டுக்கும் இடையே இருபது ஆண்டு இடைவெளி இருப்பதால் ஒப்பிட நிறைய கிடைக்கும். குடியிருப்புக்கு நூல் வழியாகப் பார்க்க சார்லஸ் கொரியாவின் நவி மும்பை பேலாப்பூர் வீடுகள், பி.வி. தோஷியின் இந்தூர் ஆரண்யா. பேலாப்பூரில் ஏழு வீடுகள் ஒரு முற்றத்தைச் சுற்றி எப்படி அமைகின்றன என்பதை ஒரு முறை நீங்களே கையால் வரைந்து பார்த்தால், குடியிருப்பில் முற்றத்தின் அளவு ஏன் முக்கியம் என்பது தானாகப் புரியும். பக்கத்திலேயே போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் புதுச்சேரியின் கோல்கொண்டே விடுதி உண்டு. வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் அந்தத் தகட்டுச் சன்னல்களைத் தமிழ்நாட்டில் படிக்கும் எவரும் ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும்.

நான் கோயம்பேடு சந்தைக்குப் போனேன். முதல் முறை காலை பத்து மணிக்குப் போனேன், பாதிக் கடை மூடி, தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். நிறைய படம் எடுத்தேன், ஒன்றும் உதவவில்லை. ஒரு மொத்தச் சந்தை உயிரோடு இருப்பது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில். அதனால் இரண்டாவது முறை இரவு பதினொன்றுக்குப் போய்க் காலை ஆறு வரை இருந்தேன். அந்த ஏழு மணி நேரத்தில் தெரிந்துகொண்டதுதான் என் தீசிஸின் உயிர்.

லாரியின் தட்டு உயரம் ஏறக்குறைய 1.2 மீட்டர். குட்டியானை வண்டியின் தட்டு அதைவிட நன்றாகத் தாழ்வு. ஒரே உயரத்தில் மேடை கட்டினால் இரண்டில் ஒன்றுக்குப் பயன்படாது. மூட்டை தூக்குபவர் படியேற மாட்டார், சரிவில்தான் போவார். எதிரே வருபவருக்கு வழிவிட அவருக்குக் குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டியிருக்கிறது. அளவு நாடாவைத் தரையில் வைத்துவிட்டு நின்று பார்த்தேன். கடை முன்னால் ஏலம் போடும் இடம் எந்த வரைபடத்திலும் இருக்காது, ஆனால் வியாபாரம் அங்கேதான் நடக்கிறது. பூ விற்கும் ஓர் அக்காவிடம் இங்கே எது கஷ்டம் என்று கேட்டேன். "கழிப்பறை தூரம் தம்பி, அதனால ராத்திரி முழுக்கத் தண்ணியே குடிக்கிறதில்ல" என்றார். என் பிளானில் எந்தக் கடையிலிருந்தும் 40 மீட்டருக்குள் பெண்கள் கழிப்பறை வந்தது அந்த ஒரு வாக்கியத்தால்.

உங்கள் கட்டடத்துக்கும் இப்படி ஒரு நேரம் இருக்கும். பள்ளிக்கு மணி அடித்து விடும் அந்தப் பதினைந்து நிமிடம், மருத்துவமனைக்குப் பார்வையாளர் நேரம், திரையரங்குக்கு ஒரு காட்சி விட்டு அடுத்த காட்சி தொடங்கும் இடைவேளை, அடுக்குமாடிக்குக் காலை ஏழு மணி. அந்த நேரத்தில் போங்கள். ஆட்களைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். மறுத்தால் ஸ்கெட்ச் போடுங்கள், அதற்கு யாரும் கோபப்படுவதில்லை.

5. விதிக் கணக்கு: ஒரு மாலைப் பொழுது போதும்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016. இரண்டையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் திருத்த அரசாணைகள் அவ்வப்போது வருகின்றன, ஆகவே மூத்த மாணவர் கொடுத்த பழைய சுருக்கத்தை நம்பாதீர்கள்.

எஃப்எஸ்ஐ (நிலப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) சாதாரணக் கட்டடங்களுக்கு 2.0, உயரம் 18.30 மீட்டரைத் தாண்டும் அடுக்குமாடிகளுக்கு 3.25. சாலை அகலத்தைப் பொறுத்து இது மாறும். என் இரண்டாவது சைட்டான நான்கு ஏக்கரில் 32,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டலாம் என்று கணக்கு வந்தது; எனக்குத் தேவைப்பட்டது 11,000. எஃப்எஸ்ஐ உச்ச வரம்பு. அதை நிரப்பியே தீர வேண்டும் என்று நினைத்துத் தேவையில்லாத தளங்களைச் சேர்க்காதீர்கள்.

பலர் மறப்பது திறந்தவெளி ஒதுக்கீடு. சைட் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 10 சதவீத நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதிலாகப் பணம் கட்டலாம்; அதற்கு மேல் நிலமாகவே கொடுக்க வேண்டும். பொதுச் சாலையில் இருந்து நேராகப் போகும்படி அது இருக்க வேண்டும். சைட் பிளான் முடிந்த பிறகு மூலையில் ஒட்டவைக்க முயன்றால் எல்லாம் கலைந்துவிடும். முதல் கோட்டிலேயே அதைப் பிரித்துவிடுங்கள்.

சக்கர நாற்காலிக்குச் சரிவு 1:12, திரும்ப 1.5 மீட்டர். பொதுக் கட்டடத்தில் படி உயரம் 150 மில்லிமீட்டருக்கு மிகாமல், படி அகலம் 300 மில்லிமீட்டருக்குக் குறையாமல். தீ வந்தால் எந்த மூலையில் இருந்தும் வெளியேறும் படிக்கு 30 மீட்டருக்குள் போக முடிய வேண்டும். தீயணைப்பு வண்டிக்குக் கட்டடத்தைச் சுற்றி 6 மீட்டர் வழி.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டுங்கள். பிறகு ஏரியா ஸ்டேட்மென்ட் (எந்த அறைக்கு எவ்வளவு பரப்பு என்ற பட்டியல்) போடுங்கள். நடைபாதை, சுவர், படி, கழிப்பறை, குழாய்த் தண்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து அறைகளின் கூட்டுப் பரப்பின் மேல் 30 முதல் 35 சதவீதம் கூட்டுங்கள். அதைக் கூட்டாமல் போட்ட கணக்குதான் பிறகு அறைகளைச் சுருக்க வைக்கும்.

6. வரையும் காலம்: நான் முன்பே தெரிந்திருக்க விரும்பிய நான்கு விஷயங்கள்

தூண் இடைவெளியை முதலில் முடிவு செய்யுங்கள். கீழே பார்க்கிங் இருந்தால் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம். மூன்று காருக்கு 7.5, தூணுக்கு 0.6, ஆக 8.1 மீட்டர். மேலே கடையோ அறையோ அதற்குள் பொருந்துகிறதா என்று பாருங்கள். மேலே அழகாக வரைந்துவிட்டுக் கீழே இறங்கினால் தூண் காரின் நடுவில் நிற்கும். அடித்தளத்துக்கு இறங்கும் சரிவு 1:8 என்று வைத்தாலும் 3 மீட்டர் இறங்க 24 மீட்டர் நீளம் போகும். அந்த 24 மீட்டரை எங்கே வைப்பது என்பது சைட் பிளானின் கேள்வி. அடித்தளப் பிளான் வரையும்போது யோசித்தால் நேரம் கடந்துவிட்டிருக்கும்.

வெட்டுத்தோற்றத்தை (செக்‌ஷன்) பிளானோடு சேர்த்தே வரையுங்கள். பிளான் முடிந்த பிறகு செக்‌ஷன் என்று வைத்தால் உத்தரமும் ஏசி குழாயும் தலையில் இடிக்கும்.

வடக்குச் சுவருக்கு வெயில் படாது என்று நிறைய பேர் எழுதுகிறார்கள். நம் ஊரில் அது தவறு. மதுரைப் பக்கம் ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். சென்னையிலும் கோடையின் பெரும்பகுதி அப்படித்தான். வடக்கு ஜன்னலுக்கும் நிழல் கொடுங்கள். சூரியப் பாதை வரைபடத்தைச் சும்மா ஒட்டிவைக்காமல், மே மாதம் பிற்பகல் மூன்று மணி நிழலை உங்கள் செக்‌ஷனிலேயே வரைந்து காட்டினால் ஜூரி நின்று பார்க்கும்.

தண்ணீர்க் கணக்கு. 200 வீடு, வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 1,35,000 லிட்டர். ஒரு நாள் இருப்புக்கான தரையடித் தொட்டி 3 மீட்டர் ஆழத்தில் 45 சதுர மீட்டர் இடம் கேட்கும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, மின்மாற்றி, ஜெனரேட்டர், குப்பை பிரிக்கும் இடம் எல்லாம் இதே போல. இவற்றை மொத்தமாக "சர்வீசஸ்" என்று ஒரு பெட்டி போட்டு மூலையில் வைப்பவர்களை ஜூரி விடுவதில்லை.

7. நாள் கணக்கு

16 வாரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். சைட் ஆவணங்கள் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும்.

வாரம் 1, 2: தலைப்பும் சைட்டும் ஒப்புதல், கடிதங்கள்.
வாரம் 3 முதல் 5: கேஸ் ஸ்டடி.
வாரம் 6: விதிக் கணக்கு, ஏரியா ஸ்டேட்மென்ட், முதல் ரிவ்யூ.
வாரம் 7 முதல் 9: கான்செப்ட், சைட் பிளான், கையளவு மாடல், இரண்டாவது ரிவ்யூ.
வாரம் 10 முதல் 12: எல்லாப் பிளான்களும், செக்‌ஷன்களும், மூன்றாவது ரிவ்யூ. இதற்குப் பிறகு டிசைனை மாற்றக் கூடாது.
வாரம் 13: கட்டுமான விவரம், சர்வீசஸ்.
வாரம் 14: 3டி, ரெண்டர்.
வாரம் 15: ஷீட், அறிக்கை, மாடல்.
வாரம் 16: எதுவும் போடாதீர்கள். காய்ச்சல், மின்தடை, கணினிக் கோளாறு எல்லாம் வந்து உட்காரும் வாரம் அது.

பன்னிரண்டாம் வார முடிவில் நிறுத்துவதுதான் எல்லாருக்கும் கஷ்டம். வழிகாட்டி ஆசிரியர் பதினான்காம் வாரம் புது யோசனை சொல்வார். நன்றி சொல்லிக் குறித்துக்கொண்டு, அதைச் செய்தால் எத்தனை ஷீட் மாறும் என்று அவரிடமே எண்ணிக் காட்டுங்கள். பெரும்பாலும் அவரே சரி, விடு என்பார்.

கோப்புகளைத் தினமும் மூன்று இடத்தில் வையுங்கள்: கணினி, பென் டிரைவ், இணைய டிரைவ். கோப்பின் பெயரில் தேதி போடுங்கள். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு" என்று வைத்தால் அச்சுக்கடையில் பழையது போகும்; என் கிழக்குத் தோற்றம் அப்படித்தான் பழையதாகவே அச்சானது.

8. செலவு: எனக்கு ஆன கணக்கு

ஊருக்கு ஊர் மாறும் என்றாலும், ஒரு அளவு தெரிய வேண்டும் என்பதற்காக என் நோட்டுப் புத்தகத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

பயணம், தங்கல், சாப்பாடு: 9,400 ரூபாய்.
அளவையாளர் ஒரு நாள்: 7,000.
அச்சு: 3,860. ரிவ்யூக்களுக்கு ஏ1 கறுப்பு வெள்ளை 30 தாள், தாளுக்கு 40. இறுதிக்கு ஏ1 வண்ணம் 14 தாள், தாளுக்கு 140. பிழையால் திரும்ப அடித்த வண்ணத் தாள் 5.
மாடல்: 16,500.
அறிக்கை நான்கு பிரதி, கெட்டி அட்டையோடு: 4,400.
நகல், பென் டிரைவ், சில்லறை: 1,840.
மொத்தம் 43,000.

இதில் குறைக்கக்கூடியது மாடல்தான். பொருளுக்கு 5,300, லேசர் வெட்டுக்கு 6,200, கடைசி மூன்று நாள் கடையில் ஆள் வைத்து ஒட்டியதற்கு 5,000. கடைசி நேரத்தில் கடைக்குப் போனால் சொன்ன விலைதான். 1:200 அளவில் முழு வளாகத்தையும் செய்யாமல், 1:500-இல் வளாகத்தை வெறும் மவுண்ட் போர்டில் கையாலேயே வெட்டி, முக்கியமான ஒரு பகுதியை மட்டும் 1:100-இல் செக்‌ஷன் மாடலாகச் செய்தால் பாதிச் செலவில் முடியும். என் வகுப்பில் அதிக மதிப்பெண் வாங்கிய மாடல் அப்படிச் செய்ததுதான்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆட்டோகேட், ரெவிட் இரண்டுக்கும் மாணவர் உரிமம் இலவசம். ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். தேர்வு மாதத்தில் காலாவதி ஆகிறதா என்று முன்பே பாருங்கள்.

கையில் பணம் இல்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரே அளவையாளரை அடுத்தடுத்த நாளில் அழைத்தால் விலை குறைவார். பழைய மாடலின் அடிப்பலகையை மூத்த மாணவர்கள் சும்மாவே தருவார்கள்.

9. அச்சுக்கடை

வைவாவுக்கு முந்தைய இரவு எல்லாக் கல்லூரி மாணவர்களும் அதே கடையில்தான் நிற்பார்கள். மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். பிடிஎஃப் மட்டும் கொண்டு போங்கள். அசல் கோப்பைக் கடைக் கணினியில் திறந்தால் தமிழ் எழுத்துரு உடைந்துவிடும். ஒரு தாளை மட்டும் முதலில் அடித்து, கோடுகளின் தடிமனும் பச்சை நிறமும் சரியா என்று பார்த்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். "தாளுக்குப் பொருத்து" என்ற தேர்வைக் கடைக்காரர் போட்டுவிட்டால் 1:200 போய் வேறு ஏதோ அளவாகிவிடும். ஒவ்வொரு ஷீட்டிலும் அளவுப் பட்டை வரைந்திருந்தால் அப்போதும் தப்பிக்கலாம்.

10. வைவா

பத்து நிமிடம் கிடைக்கும் என்று தயார் செய்யுங்கள், ஆறு நிமிடத்தில் நிறுத்துவார்கள். அதனால் முதல் இரண்டு நிமிடத்தில் யாருக்கு, ஏன் இங்கே, கட்டடத்துக்குள் ஓர் ஆள் எப்படி நுழைந்து எப்படி வெளியேறுவார் என்பதைச் சொல்லிவிடுங்கள். கான்செப்ட் கவிதையைப் படிக்க வேண்டாம். பட்டா, ஏ-பதிவேடு, புலப்படம், நிலப் பயன்பாட்டு வரைபடம் நான்கையும் ஒரு கோப்பில் போட்டு மேஜையில் வையுங்கள். என் வைவாவில் தேர்வாளர் முதலில் எடுத்துப் புரட்டியது அந்தக் கோப்பைத்தான். அதன் பிறகு சைட்டைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. மிச்ச நேரம் முழுக்கச் சரக்கு மேடையின் இரண்டு உயரங்களைப் பற்றியே பேசினோம்.

தெரியாத கேள்விக்கு "அதை யோசிக்கவில்லை சார்" என்று நேராகச் சொல்லலாம். அந்த இடத்திலேயே பென்சில் எடுத்து ஷீட் ஓரத்தில் வரைந்து பார்த்தால் இன்னும் நல்லது. ஒரு தாள் ட்ரேசிங் பேப்பரைப் பையில் வைத்திருங்கள்.

மாடலை வண்டியில் ஏற்றும் முன், விடுதி மொட்டை மாடியில் காலை வெயிலில் வைத்து நாலு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். வழியில் ஒரு சுவர் கழன்றாலும் படம் கையில் இருக்கும், வேலை தேடும்போது போர்ட்ஃபோலியோவுக்கும் அதே படம்தான். பசை ஒரு ட்யூப், கத்தி, மாற்று மவுண்ட் போர்டு ஒரு தாள் மூன்றையும் மாடலோடு அதே பெட்டியில் போடுங்கள்.